மேலே போனால் மூச்சு வாங்குவது ஏன்? - கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சியாச்சின் வரை ஒரு வரலாறு

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு மலை ஏறுவது புதிதல்ல. விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும். உள்ளே தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு, வளைவுகளில் ஏற ஏறக் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. போடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு அதைவிடச் சுமார் 1,000 மீட்டர் மேலே. அந்தப் பயணத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காது சொல்வது அதைத்தான்.

ஆனாலும் போடிமெட்டில் யாரும் மயங்கி விழுவதில்லை. மேகமலையிலும் கொடைக்கானலிலும் அப்படித்தான். உயரத்தால் வரும் நோய்கள் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியின் உச்சி 2,695 மீட்டர்தான். அதாவது, நோய் தொடங்கும் கோட்டை நம் ஊர் மலைகளில் மிக உயரமானதுகூட மயிரிழையில்தான் தாண்டுகிறது. அதனால் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை தெரியும். மலையின் மூச்சுத்திணறல் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் நிலை பெரும்பாலும் ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான் வந்தது.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலை மீது பனிச்சுவர் சரிந்தது. அங்கே இருந்த பத்துப் பேரும் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த நால்வரில் ஒருவர், வருசநாட்டுப் பக்கம் குமணன்தொழு கிராமத்தைச் சேர்ந்த லான்ஸ் ஹவில்தார் எஸ். குமார். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் ஆறு நாட்களுக்குப் பின் பனிக்கடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்ததை நாடே கவனித்தது. மற்ற ஒன்பது பேரின் பெயர்கள் அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை.

அவர்களைக் கொன்றது பனிச்சரிவு. ஆனால் அதற்கு முன்பு அவர்கள் அங்கே உயிரோடு இருந்தார்கள் என்பதே ஓர் அதிசயம். கடல் மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதிதான் அந்த உயரத்தில் கிடைக்கும். பாதிக் காற்றில் ஒரு மனிதனின் இதயமும் நரம்புகளும் என்ன செய்கின்றன? அதை மனிதகுலம் எப்படித் தெரிந்துகொண்டது? இந்தக் கதை இரண்டாயிரம் ஆண்டுகள் நீளமானது. அதன் முக்கியமான சில பக்கங்களை எழுதியவர்கள் இந்தியச் சிப்பாய்களும் இந்திய மருத்துவர்களும்தான்.

தலைவலி மலை

உயர நோயைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு சீனாவின் ஹான் வம்ச வரலாற்று நூலில் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 30-ஐ ஒட்டிய காலத்தில், காஷ்மீர், காந்தாரப் பக்கத்து நாடு ஒன்றுக்குச் செல்லும் பாதையைப் பற்றி ஓர் அதிகாரி எச்சரிக்கிறார். வழியில் 'பெரிய தலைவலி மலை', 'சிறிய தலைவலி மலை' என்று மலைகள் உண்டு. அங்கே போகிறவர்களுக்கு உடம்பு காயும், முகம் வெளிறும், தலை வலிக்கும், வாந்தி வரும். கழுதைகளும் மற்றக் கால்நடைகளும்கூட இதிலிருந்து தப்பாது என்கிறார். இந்தப் பாதை காரகோரம் மலைகளை ஒட்டியது. சியாச்சினும் காரகோரத்தில்தான் இருக்கிறது!

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் ஸ்பெயின் பாதிரியார் ஹோசே தெ அகோஸ்தா. பெரு நாட்டில் பாரியாகாகா என்ற மலையைக் கடக்கும்போது தனக்கு வந்த வாந்தியையும் வேதனையையும் 1590-இல் வெளிவந்த நூலில் எழுதினார். அங்குள்ள காற்று மனித மூச்சுக்குப் பொருந்தாத அளவுக்கு மெல்லியதாக இருப்பதே காரணம் என்று ஊகித்தார். பாதரச அழுத்தமானி கண்டுபிடிக்கப்படாத காலத்தில் சொன்ன ஊகம் அது.

பாதரசமும் பலூனும்

காற்றுக்கு எடை உண்டு என்பதை 1640-களில் டாரிசெல்லி பாதரசக் குழாயால் காட்டினார். மேலே போனால் அந்த எடை குறையுமா என்று பாஸ்கல் கேட்டார். அவருடைய மைத்துனர் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் பூய் தெ தோம் மலைமீது குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. மலை ஏறினால் காற்று மெலிகிறது என்பது அன்று அளவோடு நிரூபணமானது.

ஆனால் நோய்க்குக் காரணம் அழுத்தம் குறைவதா, அல்லது பிராணவாயு குறைவதா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விடை தந்தவர் பால் பெர் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர். காற்றை வெளியேற்றக்கூடிய இரும்பு அறை ஒன்றை அமைத்து, அதற்குள் விலங்குகளையும் பிறகு தன்னையுமே அடைத்துச் சோதித்தார். அழுத்தம் குறையக் குறைய நாடித்துடிப்பு ஏறியது, தலை சுற்றியது, வாந்தி வந்தது. பிராணவாயுப் பையிலிருந்து ஒரு மூச்சு இழுத்ததும் எல்லாம் தணிந்தது. அறையின் அழுத்தம் அப்படியேதான் இருந்தது! ஆக, குற்றவாளி அழுத்தம் அல்ல, பிராணவாயுக் குறைவே என்று முடிவு செய்தார். 1878-இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல் இந்தத் துறைக்கே அடித்தளம்.

அதற்குள் ஒரு சோகம் நடந்துவிட்டது. 1875 ஏப்ரல் 15 அன்று 'ஜெனித்' என்ற பலூனில் சிவெல், குரோசே-ஸ்பினெல்லி, திஸ்ஸாந்தியே ஆகிய மூவர் ஏறினார்கள். சிவெலும் குரோசே-ஸ்பினெல்லியும் ஏற்கெனவே பெரின் அறையில் பயிற்சி எடுத்தவர்கள். பிராணவாயுப் பைகளையும் எடுத்துச் சென்றார்கள். அந்த அளவு போதாது என்று ஊரில் இல்லாத பெர் எழுதிய கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தது. பலூன் 8,000 மீட்டரைத் தாண்டியது. குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையைத்தான் உயர்த்த முடியவில்லை. திரும்பி வந்தபோது திஸ்ஸாந்தியே மட்டுமே உயிரோடு இருந்தார். அவருக்கும் காது கேட்காமல் போயிற்று.

அவர் பின்னால் எழுதியதுதான் மிக முக்கியம். அந்த உயரத்தில் அவருக்கு வலியும் இல்லை, பயமும் இல்லை. மாறாக ஒருவித ஆனந்தம் இருந்ததாம். பிராணவாயு குறையும்போது முதலில் பழுதாவது மூளையின் தீர்மானிக்கும் திறன். ஆபத்தில் இருக்கிறோம் என்று உணரவேண்டிய உறுப்பே முதலில் மழுங்கிவிடுகிறது. மலையில் சாவு பல சமயம் சத்தமில்லாமல் வருவதற்குக் காரணம் இதுதான்.

கழுத்தில் ஓர் அரிசி மணி

இரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று உடம்புக்கு யார் சொல்கிறார்கள்? நெடுங்காலம் இது புதிராகவே இருந்தது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு சிறு திசு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெறும் சுரப்பி என்றே பலர் நினைத்தார்கள். 1920-களில் ஸ்பெயினின் பெர்னாண்டோ தெ காஸ்ட்ரோ அதன் நரம்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இது இரத்தத்தைச் 'சுவை பார்க்கும்' உறுப்பு என்றார். பெல்ஜியத்தின் கோர்னெய் ஹேமன்ஸ் அதைச் சோதனைகளால் உறுதி செய்தார். 1938-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இந்த அரிசி மணி செய்வது எளிமையான வேலை. இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் சில விநாடிகளுக்குள் ஒன்பதாவது மண்டை நரம்பு வழியாக முகுளத்துக்குத் தகவல் அனுப்புகிறது. முகுளம் இரண்டு கட்டளைகளைப் பிறப்பிக்கிறது. ஒன்று மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கச் சொல்வது. மற்றது பரிவு நரம்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பி இதயத்தை வேகப்படுத்தச் சொல்வது. புலியைக் கண்டால் எந்த நரம்புகள் விழிக்குமோ அதே நரம்புகள்தான் மலையிலும் விழிக்கின்றன.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேகமாக மூச்சு விட்டால் கரியமிலவாயு அதிகமாக வெளியேறும். இரத்தம் காரத்தன்மை அடையும். உடனே மூளையின் இன்னொரு பகுதி, 'போதும், மூச்சைக் குறை' என்கிறது. பகலில் இந்த இழுபறி அவ்வளவாகத் தெரியாது. தூக்கத்தில் நன்றாகத் தெரியும். சில மூச்சுகள் ஆழமாக வரும், பிறகு மூச்சே நின்றுவிடும், மறுபடி திடுக்கிட்டு வரும். இத்தாலியின் ஆஞ்சலோ மொஸ்ஸோ, 1893-இல் 4,500 மீட்டருக்கு மேல் மோன்டே ரோசா மலையில் அமைக்கப்பட்ட ஆய்வுக் குடிலில் இந்த விட்டு விட்டு வரும் மூச்சைப் பதிவு செய்தார். நோய்க்கே காரணம் கரியமிலவாயு குறைவதுதான் என்று அவர் நினைத்தது தவறாகப் போயிற்று. ஆனால் அவருடைய பதிவுகள் சரியானவை.

இந்த இழுபறியைத் தீர்த்து வைப்பது சிறுநீரகம். சில நாட்களில் அது இரத்தத்தின் உபரி பைகார்பனேட்டை வெளியேற்றிச் சமன் செய்கிறது. அதன் பிறகு மூச்சு தடையில்லாமல் ஆழப்படும். மலைக்கு உடம்பு 'பழகுவது' என்று சொல்வதன் முதல் பகுதி இதுதான். சில நாட்கள் கட்டாயம் பிடிக்கும். வீரம், உடற்பயிற்சி, மன உறுதி எதுவும் இதை அவசரப்படுத்தாது. மலைக்குப் போகிறவர்களுக்குத் தரப்படும் அசெட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகத்தின் இந்த வேலையைத்தான் சற்று விரைவாக்குகிறது.

இதயம் என்ன செய்கிறது?

முதல் சில நாட்களில் இதயம் வேகமாகத் துடித்து அதிக இரத்தத்தை அனுப்புகிறது. ஒவ்வொரு சொட்டிலும் பிராணவாயு குறைவாக இருப்பதால் அதிகச் சொட்டுகளை அனுப்பி ஈடுகட்டுகிறது என்று சொல்லலாம். சில நாட்களில் நிலைமை மாறுகிறது. உடம்பிலுள்ள நீர் குறைந்து இரத்தம் கெட்டியாகிறது. பிறகு வாரக்கணக்கில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இதயம் அனுப்பும் மொத்த இரத்தத்தின் அளவு பழைய நிலைக்கே திரும்புகிறது. ஆனால் துடிப்பு மட்டும் வேகமாகவே இருக்கும். ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தம் குறைந்துவிடும்.

இன்னொரு விந்தை: ஓய்வில் இருக்கும்போது துடிப்பு ஏறுகிறது, ஆனால் முழு பலத்தோடு ஓடும்போது எட்டக்கூடிய உச்சபட்சத் துடிப்பு மலையில் குறைந்துவிடுகிறது. நாள்தோறும் பரிவு நரம்புகள் கத்திக்கொண்டே இருப்பதால் இதயத்தின் காது மந்தமாகிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். வேகஸ் நரம்பு கடிவாளத்தை இறுக்குவதும் ஒரு காரணம்.

அந்தக் கூச்சல் எவ்வளவு பெரியது என்பதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆரோக்கியமானவர்கள் பொலிவியாவில் 5,260 மீட்டர் உயரத்தில் நான்கு வாரம் தங்கினார்கள். நரம்புக்குள் நுண்ணிய ஊசி வைத்து அளந்தபோது, பரிவு நரம்புகளின் செயல்பாடு பல மடங்கு உயர்ந்திருந்தது. கடல் மட்டத்துக்கு இறங்கி மூன்று நாட்கள் ஆன பிறகும் அது முழுதாக அடங்கவில்லை. மலையில் இருப்பவன் தூங்கும்போதும் அவனுடைய நரம்புகள் காவல் காக்கின்றன.

நுரையீரல் செய்யும் தவறு

1891-இல் மோன் பிளாங் மலையில் இருந்த குடிலில் ஜாக்கோத்தே என்ற இளம் மருத்துவர் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் முழுக்க நீர் கோத்திருந்தது. நிமோனியா என்ற கோணத்திலேயே அது பார்க்கப்பட்டது. அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு, மலையில் மூச்சுத்திணறி நுரை கக்கி இறந்தவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் நிமோனியா என்றோ, இதயம் பழுது என்றோ முத்திரை குத்தப்பட்டது. பெரு நாட்டு மருத்துவர்கள் இது வேறு நோய் என்று அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் எழுதியது ஸ்பானிய மொழியில். 1960-இல் அமெரிக்க மருத்துவரும் மலையேற்ற வீரருமான சார்லஸ் ஹூஸ்டன் ஆங்கிலத்தில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. உயரத்தால் வரும் நுரையீரல் வீக்கம் என்று அதற்குப் பெயர் வந்தது.

இதன் அடிப்படையை 1946-இல் சுவீடனின் ஆய்லரும் லில்யெஸ்ட்ரான்டும் பூனைகளில் கண்டிருந்தார்கள். உடம்பின் மற்ற இடங்களில் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் நேர்மாறாகச் சுருங்கும்! சமவெளியில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. நிமோனியாவால் நுரையீரலின் ஒரு மூலை கெட்டுப்போனால், காற்று வராத அந்த வாய்க்காலை அடைத்துவிட்டு நல்ல பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பிவிடும். மடை அடைத்து மடை திறக்கும் கம்பத்து விவசாயிக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்.

மலையிலோ எல்லா மூலையிலும் காற்று குறைவு. எல்லா மடைகளும் ஒரே நேரத்தில் அடைக்கப்படுகின்றன. பின்னாலிருந்து தள்ளுகிற இதயத்தின் வலது கீழறைக்குப் பளு ஏறுகிறது. மடைகள் ஒரே சீராக அடைபடுவதில்லை. அடைபடாத பகுதிகளுக்குள் இரத்தம் பெரும் அழுத்தத்தோடு பாய்ந்து நுண்குழாய்களின் சுவரைக் கிழிக்கிறது. நீர் கசிந்து காற்றறைகளை நிரப்புகிறது. சமவெளியில் உயிர் காக்கும் அனிச்சைச் செயல், மலையில் உயிர் எடுக்கிறது.

1962

இந்த அறிவு ஏடுகளில் இருந்தபோதுதான் இந்தியா-சீனா போர் வந்தது. 1962 அக்டோபர் 20-இல் தொடங்கிய அந்தப் போருக்காகவும் அதை ஒட்டிய மாதங்களிலும் சமவெளியில் இருந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் அவசர அவசரமாக இமயத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் விமானத்தில் சில மணி நேரத்தில் 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் இறங்கினார்கள். பழகுவதற்கு உடம்புக்கு நேரமே தரப்படவில்லை. எதிரியின் குண்டு படாமலே வீரர்கள் விழுந்தார்கள்.

அவர்களுக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர்களில் முதன்மையானவர் இந்தர் சிங். அவரும் சக மருத்துவர்களும் ஒவ்வொரு நோயாளியையும் குறித்து வைத்தார்கள். 1965-இல் 'லான்செட்' இதழிலும், 1969-இல் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழிலும் அவர்களுடைய கட்டுரைகள் வெளிவந்தன. 1969-ஆம் ஆண்டுக் கட்டுரை 1,925 வீரர்களைப் பற்றியது. 3,350 முதல் 5,500 மீட்டர் வரை உயரங்களில் நோயுற்றவர்கள் அவர்கள். அதற்கு முன்பு உலகில் யாரும் இத்தனை பேரைப் பார்த்ததில்லை. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று தொடங்கும் சாதாரண மலை நோய் முதல், மூளை வீங்கி நினைவு தப்பும் நிலை வரை எல்லாம் அதில் பதிவாயின. அதே ஆண்டில் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் சுஜய் ராய் குழுவினர், நுரையீரலில் நீர் கோத்த வீரர்களின் இதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்த முடிவுகளை வெளியிட்டார்கள். நுரையீரல் தமனியில் அழுத்தம் மிக அதிகம். ஆனால் இதயத்தின் இடது பக்கம் சரியாகவே இருந்தது. ஆக, இது இடது இதயப் பழுது அல்ல என்பது உறுதியாயிற்று.

இந்தர் சிங் குழுவினர் கவனித்த இன்னொரு விஷயம் தேனிக்காரர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. முதன்முறையாக மலைக்கு வந்தவர்கள் மட்டும் விழவில்லை. மாதக்கணக்கில் மலையில் நன்றாக இருந்து, விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களும் விழுந்தார்கள்! ஊரில் சில வாரம் இருந்தாலே உடம்பு மலைப் பழக்கத்தை மறந்துவிடுகிறது. தங்கை கல்யாணத்துக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு, 'நமக்குத்தான் மலை பழக்கமாச்சே' என்று நினைத்துத் திரும்புகிறவன் உண்மையில் மறுபடி புது ஆள்தான்.

டெல்லியின் பூனைகள்

நுரையீரலில் நீர் கசியத் தொடங்கியதை மூளை எப்படி அறிகிறது? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் அவதார் சிங் பெய்ன்டல். பர்மாவின் மொகோக்கில் 1925-இல் பிறந்தவர். பூனைகளின் வேகஸ் நரம்பில் ஒவ்வோர் இழையாகப் பிரித்துப் பதிவு செய்து, நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டியுள்ள உணர் நரம்பு முனைகளை 1950-களில் கண்டுபிடித்தார். பின்னர் அவற்றுக்கு 'ஜே' ஏற்பிகள் என்று பெயர் வந்தது. நுண்குழாய்களில் இரத்தம் தேங்கி நீர் கசியும்போது இவை விழித்துக்கொள்ளும். மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் மாறும். அதோடு கை கால் தசைகளும் தளர்ந்துபோகும் என்பது பெய்ன்டலின் கருத்து. 'இனி ஓர் அடி எடுத்து வைக்காதே' என்று நுரையீரல் கால்களுக்குச் சொல்வதாக அவர் அதைப் பார்த்தார். மலையில் ஓர் ஆள் திடீரென உட்கார்ந்துவிட்டால் அதைச் சோம்பல் என்று எண்ணக்கூடாது என்பதற்கு இது அறிவியல் காரணம். 1981-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரான பெய்ன்டல் 2004-இல் காலமானார்.

இவரைப் போலவே குறிப்பிட வேண்டியவர் சுகமய் லாகிரி. 1960-61-இல் எவரெஸ்ட் பகுதியில் 5,800 மீட்டர் உயரத்தில் 'வெள்ளிக் குடில்' என்ற ஆய்வுக்கூடத்தில் ஹிலாரி, கிரிஃபித் பியூ ஆகியோரின் குழு குளிர்காலத்தைக் கழித்தது. அதில் இடம்பெற்ற இந்தியர்களில் லாகிரியும் ஒருவர். பிறகு அமெரிக்காவில் வாழ்நாள் முழுவதும் அந்தக் கழுத்து அரிசி மணியைத்தான் ஆராய்ந்தார்.

பதினோரு வாரம்

1984 ஏப்ரல் 13 அன்று 'மேகதூத்' நடவடிக்கை மூலம் இந்திய ராணுவம் சியாச்சினுக்குச் சென்றது. மனிதர்கள் நிரந்தரமாக ஊர் அமைத்து வாழும் எல்லைக்கு மேலே, 5,800 முதல் 6,700 மீட்டர் வரை உயரங்களில், வாரக்கணக்கில் தங்கும் நிலை வந்தது. மலையேறுகிறவர்கள்கூட அவ்வளவு உயரத்தில் அத்தனை நாள் தங்குவதில்லை.

1990-இல் இந்தர் ஆனந்த் என்ற இதய மருத்துவரும் குழுவினரும் 'லான்செட்' இதழில் 21 வீரர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் நன்றாகப் பழகிய பிறகே மேலே போனவர்கள். சராசரியாகப் பதினோரு வாரம் அளவில் முகமும் கால்களும் வீங்கின, வயிற்றில் நீர் கோத்தது, மூச்சு வாங்கியது. அடைபட்ட மடைகளுக்கு எதிராக இரவும் பகலும் தள்ளித் தள்ளி வலது இதயம் பெருத்துச் சோர்ந்திருந்தது. இருபது வயதுகளில் உள்ள, வேறு எந்த நோயும் இல்லாத இளைஞர்களுக்கு இதயச் செயலிழப்பு! கீழே கொண்டுவந்ததும் அவர்கள் குணமடைந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் மேயும் மாடுகளுக்கு நெஞ்சுத் தொங்கல் வீங்கும் ஒரு நோய் உண்டு, காரணம் ஒன்றேதான். இமய மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் யாக்குக்கு இது வருவதில்லை. அதன் நுரையீரல் குழாய்கள் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. வருசநாட்டு மலைமாடு எவ்வளவு கெட்டியானதாக இருந்தாலும் லடாக்கில் யாக்கோடு போட்டி போட முடியாது.

திபெத்தியர்களின் உடம்பிலும் இப்படியொரு பரம்பரைத் தகவமைப்பு இருப்பதை 2010-இல் மரபணு ஆய்வுகள் காட்டின. செல்கள் பிராணவாயுக் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்ததற்காக 2019-இல் கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2007-இல் எவரெஸ்டில் 8,400 மீட்டர் உயரத்தில் மருத்துவர்கள் தங்கள் தொடையிலிருந்தே இரத்தம் எடுத்து அளந்தார்கள். ஊரில் ஒருவருக்கு அந்த அளவு இருந்தால் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பார்கள்; அவர்களோ நின்றுகொண்டிருந்தார்கள். பொறுமையாகப் பழக்கினால் உடம்பு எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆறு, நான்கு, நான்கு

இந்த வரலாறு முழுவதும் சேர்ந்து கடைசியில் ஓர் எளிய அட்டவணையாக மாறியிருக்கிறது. 9,000 அடிக்கு மேல் செல்லும் இந்திய வீரர் முதலில் ஆறு நாள் பழக வேண்டும். அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு. 12,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள். 15,000 அடிக்கு மேல் மேலும் நான்கு நாள். ஆக மொத்தம் பதினான்கு நாள். நீண்ட விடுப்பு முடிந்து வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆறு, நான்கு, நான்கு என்ற எண்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் 1962-இல் லேயில் நுரை கக்கியவர்கள். சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய அவகாசத்தை அவர்கள் உயிரைக் கொடுத்து அளந்து தந்தார்கள்.

இது ராணுவத்துக்கு மட்டும் உரிய பாடமல்ல. இன்று மதுரையில் காலையில் விமானம் ஏறினால், டெல்லி வழியாக அதிகம் போனால் மறுநாள் லேயில் இறங்கிவிடலாம். கேதார்நாத், அமர்நாத், முக்திநாத் என்று யாத்திரை போகிறவர்களும் தேனிப் பக்கம் ஏராளம். கேதார்நாத்தே 3,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்றுதான். மலைக்கு மேலே வரும் தலைவலியை மலை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தலைவலி இருக்கும்போது மேலும் ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, விடியும் வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். பிராணவாயு, நிஃபெடிபைன், டெக்ஸாமெத்தசோன் எல்லாம் உண்டுதான். ஆனால் கீழே இறங்குவதற்கு இணையான மருந்து எதுவும் இல்லை. நோயாளி 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொன்னால் அதை நம்பவும் கூடாது. ஜெனித் பலூனில் இருந்தவர்களும் ஆனந்தமாகத்தான் இருந்தார்கள்.

குமணன்தொழுவிலிருந்து சோனம் காவல் நிலைக்கு உயரத்தில் ஐந்தரை கிலோமீட்டருக்கும் அதிகமான வித்தியாசம். அந்தத் தூரத்தை லான்ஸ் ஹவில்தார் குமாரின் உடம்பு நாள் நாளாக, படிப்படியாகக் கடந்திருக்கும். கழுத்து அரிசி மணி விடாமல் மணியடிக்க, பரிவு நரம்புகள் உறங்காமல் விழித்திருக்க, வலது இதயம் அடைபட்ட மடைகளுக்கு எதிராகத் தள்ளிக்கொண்டிருக்க, அவரும் அவருடைய ஒன்பது தோழர்களும் பாதிக் காற்றில் காவல் இருந்தார்கள். பனி வந்து விழும் வரை அந்தப் பத்து இதயங்களும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தன.